வெந்நீர் ஒத்தடம்

அழகுபாண்டியின் வலது கையை எந்த மாடும் குத்தவில்லை. வாடிவாசல் பக்கம் அவர் போனதெல்லாம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கடலை தின்னத்தான். ஒரு வருசம் மாடு ஒன்று தடுப்புக் கட்டையை உரசிக்கொண்டு ஓடியபோது, பொட்டலத்தைப் போட்டுவிட்டு முதல் ஆளாக ஓடியவர் என்கிற பெயர் அலங்காநல்லூரில் அவருக்கு உண்டு. ஆனால் மகள் நாகஜோதியைக் கட்டிக்கொடுத்த வில்லாபுரத்து வீட்டில் அவர் மாடுபிடி வீரர். தெருவே சொல்லும்.

இந்த வீரம் வந்த கதை சின்னதுதான். ரெண்டு வருசத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றபோது, அவருடைய ஒரு கை நிமிர்ந்தும் ஒரு கை மடங்கியும் நின்றதை மாப்பிள்ளையின் அம்மா முனியாயி கவனித்துவிட்டாள். அண்ணனுக்குக் கையில் என்ன என்று கேட்டாள். அழகுபாண்டி வாயைத் திறப்பதற்குள் அவர் மச்சான் கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டு, "மாடு" என்றான். ஒரே வார்த்தை. அலங்காநல்லூரில் அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அழகுபாண்டி தலையை ஆட்டினார். அவர் தன் வாழ்நாளில் செய்த ஒரே வீரச்செயல் அந்தத் தலையாட்டல்தான்.

நடந்தது வேறு. ஒன்பது வருசத்துக்கு முன்னால் முழங்கையில் ஒரு படை. தேமல் என்று நினைத்து மஞ்சளைப் பூசிக்கொண்டு திரிந்தார். நர்ஸம்மா ஒருத்தி வீடு தேடி வந்து அதற்குச் சரியான பெயரைச் சொன்னபோது விரல்கள் மடங்கத் தொடங்கியிருந்தன. பன்னிரண்டு மாதம் ஒரு வேளை விடாமல் மாத்திரை சாப்பிட்டார். நோய் போய்விட்டது. போகிற நோய் சும்மா போகாமல் முழங்கைக்குக் கீழே இருந்த உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போனது. நாலு விரலும் கண்ணுக்குத் தெரியாத எலுமிச்சம்பழம் ஒன்றைப் பிடித்திருப்பதுபோல வளைந்து நின்றுவிட்டன. மனைவி சின்னத்தாய்க்கும் மகளுக்கும் மச்சானுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அந்தக் கையால் சோற்றை அள்ளினால் பாதி விரலிடுக்கில் வழிந்துவிடும். சொந்த மகள் கல்யாணத்திலேயே அவர் பந்தியில் உட்காரவில்லை. சாம்பார் வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவனுக்கு ஓயாத வேலை இருப்பதுபோல மண்டபம் முழுக்கச் சுற்றினார். பொறுப்பான மனுசன் என்று எல்லோரும் மெச்சினார்கள். பொறுப்பான மனுசன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கரண்டியால் சாப்பிட்டார்.

இப்போது அதற்கு ஒரு வழி வந்திருந்தது. அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், வெளியூர் டாக்டர் ஒருவர் வருசத்துக்கு ஒரு முறை வந்து, கையில் இருக்கிற வேறொரு தசைநாரை எடுத்து மாற்றிக் கட்டி விரல்களை நிமிர்த்துகிறார். ஆனால் விறைத்துப்போன விரலில் அவர் கத்தி வைக்க மாட்டார். ஆறு வாரம் எண்ணெய் போட்டு நீவி நீவி, பிடித்துத் தள்ளினால் நிமிர்கிற அளவுக்கு விரல்களை இளக்கியிருக்க வேண்டும். தோலில் ஒரு புண்ணும் இருக்கக் கூடாது. அடுத்த மாதம் பதினாலாம் தேதி டாக்டர் வந்து கைகளைப் பார்த்து ஆள் பொறுக்குவார். அன்றைக்குத் தவறினால் அடுத்த வருசம்தான். அதற்குள் மூட்டு துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிவிடும் என்று, பயிற்சி கொடுக்கிற ஜெஸி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஊரிலிருந்து தினம் பஸ் ஏறினால் நாலு பேர் கேட்பார்கள் என்று, நாகஜோதிதான் அப்பாவை வில்லாபுரத்துக்கே வந்து தங்கச் சொன்னாள். மாடு குத்திய கைக்கு எலும்பு டாக்டர் பயிற்சி கொடுக்கிறார் என்று வீட்டில் சொல்லி வைத்தாள். பொய்யில் பாதி ஏற்கெனவே தயாராக இருந்தது வசதியாகப் போயிற்று.

வசதி அத்தோடு முடிந்தது. மாப்பிள்ளை அசோக்குமார் ஒன்பது மணிக்குத் தல்லாகுளம் ஆபீசுக்குப் போய்விடுவான். நாகஜோதி ஜவுளிக்கடையில் பில் போடப் போய்விடுவாள். ரெண்டே அறை உள்ள வீட்டில் சாயங்காலம்வரை அழகுபாண்டியும் சம்பந்தி முனியாயியும்தான்.

முனியாயி முப்பது வருசம் கல்யாண வீடுகளில் சமைத்தவள். இப்போது வீட்டிலிருந்தே இட்லி மாவு பாக்கெட் விற்கிறவள். இட்லிக் கொப்பரையில் இருந்து தட்டைத் துணி இல்லாமல் எடுப்பாள். மனுச உடம்புக்கு வருகிற எந்தக் கோளாறுக்கும் வெந்நீரில் வழி உண்டு என்பது அவள் கட்சி. அண்ணன் வந்து சேர்ந்த மறுநாளே, பத்து மணிக்கு, ஒரு அலுமினியச் சட்டி நிறைய ஆவி பறக்கும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"கைய எறக்குங்கண்ணே. மாடு குத்துன இடம் கல்லா இறுகிக் கிடக்கும். சூடு பட்டாத்தான் இளகும்."

ஜெஸி சொல்லியிருந்தது பச்சைத் தண்ணீர். இருபது நிமிசம் ஊறவைத்து, எண்ணெய் தடவி, கையைத் தொடைமேல் மல்லாத்தி வைத்து, அடுத்த கையின் விளிம்பால் உள்ளங்கையிலிருந்து விரல்நுனிவரை அழுத்தி இழுத்து, பத்து எண்ணும்வரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு முப்பது தடவை, நாளைக்கு மூன்று வேளை. சூடு மட்டும் கூடவே கூடாது. உணர்ச்சி தெரியாத கை, வெந்தாலும் சொல்லாது.

டாக்டர் பச்சைத் தண்ணிதான் சொன்னார் என்று அழகுபாண்டி சொல்லிப் பார்த்தார். பச்சைத் தண்ணியில் வைத்தால் கை மரத்துப்போகும் என்று முனியாயி அந்த டாக்டரின் படிப்பையே சந்தேகித்தாள். கை ஏற்கெனவே மரத்துத்தான் போயிருக்கிறது என்று அவர் எப்படிச் சொல்வது? மரத்த கை என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வியில் நாகஜோதியின் வாழ்க்கை இருந்தது.

எறக்கினார்.

அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். அழகுபாண்டிக்கு நடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் தண்ணீர் தொடுவதற்கு முன்பே "ஸ்ஸ்" என்றுவிட்டார். அப்புறம் பழகிக்கொண்டார். விரல் நனைந்ததும் ஒன்று, ரெண்டு எண்ணி, பல்லைக் கடித்து, "சுள்ளுங்குது தங்கச்சி" என்பார். அவள் முகம் மலரும். ஒரு நாள் கொஞ்சம் கம்மியாக முகத்தைச் சுளித்துவிட்டார். சூடு பத்தவில்லை என்று அவள் அடுக்களைக்குப் போய் இன்னொரு செம்பு கொண்டுவந்து ஊற்றினாள். நடிப்பு குறைந்தால் இப்படி ஒரு தண்டனை உண்டென்று தெரிந்தபின் அவர் பஞ்சமில்லாமல் முனகினார். அவள் ஏதாவது எடுக்கத் திரும்புகிற நேரம் பார்த்துக் கையை வெளியே எடுத்துவிடுவார். அவள் அதிகம் திரும்புவதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு பார்க்க வந்தார்கள். எந்த ஊர் மாடு, என்ன நிறம் என்று கேட்டார்கள். அவர் திணறும்போதெல்லாம் முனியாயியே எடுத்துச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல மாட்டின் கொம்பு அரை அரை அடியாக வளர்ந்தது. அழகுபாண்டி தன் கதையைத் தானே வாயைப் பிளந்து கேட்டார்.

அஞ்சாவது வாரம், ஒரு சாயங்காலம், மோதிர விரலில் ஒரு கொப்புளம். நெல்லிக்காய் பருமன். எப்போது வந்தது, எந்த நேரத்துத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. தன் கையில் இவ்வளவு பெரிசாக ஒன்று வளர்ந்திருக்கிறது, கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் அதைக் கொஞ்ச நேரம் வேற்றாள் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஜெஸி கையை வாங்கிப் பார்த்தாள். சின்னப் பெண்தான், இருபத்தெட்டு இருக்கும். விரலின் கோணத்தை அளந்தாள். அறுபது டிகிரி வளைந்திருந்தது முப்பதுக்கு இறங்கியிருந்தது. அதை நோட்டில் எழுதிவிட்டு, கொப்புளத்துக்கு மருந்து வைத்துக் கட்டியபிறகுதான் கேட்டாள். சாம்பார் கொட்டிவிட்டது என்றார் அழகுபாண்டி. ஆற ஒரு வாரம் ஆகும், பதினாலாம் தேதிக்கு ஒன்பது நாள் இருக்கிறது என்று அவள் விரல்விட்டு எண்ணினாள். இந்த ஒன்று ஆறிவிடும். இன்னொன்று வந்தால் பட்டியலில் பேர் இருக்காது. கொஞ்சலாகச் சொல்லவில்லை.

கட்டோடு வீடு திரும்பியவரை முனியாயி வாசலிலேயே மறித்தாள். என்ன கட்டு? கொப்புளம். எப்படி வந்தது? அழகுபாண்டி "அது வந்து" என்று இழுத்தார். அந்த இழுப்பே போதுமானதாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ மிசினை வைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று அவளே முடிவு கட்டினாள். வீட்டில் பூப்போல ஒத்தடம் கொடுத்து வைத்த கையை அங்கே கொண்டுபோய்க் கருக்கிவிட்டார்கள், கேட்க ஆள் இல்லை என்று நினைத்தார்களா, நாளைக்கு நான் வருகிறேன் என்றாள்.

அழகுபாண்டி எவ்வளவோ சொன்னார். ஷேர் ஆட்டோவில் நெரிசல் என்றார். அங்கே பொம்பளைகளை விட மாட்டார்கள் என்றுகூடச் சொன்னார். பயிற்சி கொடுக்கிறதே பொம்பளை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவள் மடக்கினாள். நாகஜோதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், மாமியார் முகத்தைப் பார்த்தாள், பாத்திரம் கழுவப் போனாள். குழாயை நிறுத்தாமல் வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் முனியாயிக்கும் கம்பிக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போகும்போது, வண்டி பஞ்சராக வேண்டும் என்று அழகுபாண்டி தனக்குத் தெரிந்த சாமிகளிடமெல்லாம் கேட்டுக்கொண்டார். அன்றைக்குப் பார்த்து அது நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

வராந்தா பெஞ்சில் வழக்கம்போல எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் தொடையிலும் எட்டு எண்ணெய்க் கை மல்லாந்து கிடந்தது. எட்டுப் பேரும் ஒரே தாளத்தில் நீவி, நிமிர்த்தி, வாய்க்குள் பத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். எட்டுக் கையும் ஒரே மாதிரி வளைந்திருந்தது.

முனியாயி நின்றுவிட்டாள். ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். அவள் கண்ணில் நிசமாகவே தண்ணீர் வந்தது.

"அடப் பாவமே. இம்புட்டுப் பேரையுமா மாடு குத்துச்சு?"

எண்ணிக்கொண்டிருந்த வாய்கள் நின்றன. ஓரத்தில் இருந்த ஆசீர்வாதம், மிசன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், நிமிர்ந்து அழகுபாண்டியின் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் முழுப் பாடத்தையும் படித்துவிட்டார்.

"என்னையக் குத்துனது எருமைம்மா" என்றார் நிதானமாக. திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அதற்குள் ஜெஸி வெளியே வந்தாள். முனியாயி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அண்ணன் கையை இப்படிச் சுட்டு வைத்திருக்கிறீர்களே, நாங்கள் வீட்டில் தினமும் சூடு பார்த்துப் பார்த்து வெந்நியில் வைத்து ஒத்தடம் கொடுக்கிறோம், ஒரு நாள் ஒரு பொட்டுக் கொப்புளம் வந்ததுண்டா, நீங்கள் படித்தவர்கள்தானே என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

வெந்நி என்ற வார்த்தை வந்த இடத்தில் ஜெஸியின் கண் அழகுபாண்டியிடம் போனது. அவர் தரையைப் பார்த்தார். யார் கொப்புளம், யார் தண்ணீர், எதற்குச் சாம்பார் எல்லாம் அவளுக்கு அந்த நிமிசத்தில் புரிந்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் அவளால் முனியாயியின் வாயை அடைத்திருக்க முடியும். ஆனால் நோயாளி சம்மதிக்காமல் அவர் நோயை வெளியாளிடம் சொல்லக் கூடாது. சொல்லாமல் வெந்நீர் ஏன் ஆகாது என்று விளக்கவும் முடியாது.

"ஆமாம்மா. எங்க தப்புதான். மன்னிச்சிருங்க" என்றாள் ஜெஸி.

முனியாயி விடவில்லை. மன்னிப்பு எதற்கு, எழுதிக் கொடு, உனக்கு மேலே இருக்கிற டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றாள். ஜெஸி மேசையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். எழுதவும் குனிந்தாள்.

அழகுபாண்டி பொய்யை அதுவரை ஒரு வீட்டு மாடு மாதிரிதான் நினைத்திருந்தார். ரெண்டு வருசமாகத் தீனி போட்டாயிற்று, அது பாட்டுக்கு நிற்கிறது. அது இப்போது இந்தச் சின்னப் பிள்ளையின் வேலையை முட்டப் போகிறது.

"தங்கச்சி, அவங்க மேல தப்பில்ல. எனக்குச் சூடு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"முழங்கைக்குக் கீழ ஒன்னுமே தெரியாது. கொதிக்கிற தண்ணியும் ஒன்னுதான், பச்சத் தண்ணியும் ஒன்னுதான். நீங்க ஊத்துனதுலதான் வெந்துருக்கு."

"தெனமும் சுள்ளுங்குதுன்னீங்களேண்ணே."

"நடிச்சேன்."

முனியாயி யோசித்தாள். பிறகு தயக்கமாகக் கேட்டாள். "மாடு குத்துனா உணர்ச்சி கூடப் போயிருமா?"

தப்பிக்கக் கதவு திறந்தே கிடந்தது. ஆமாம் தங்கச்சி, நரம்பு அறுந்துபோச்சு என்று ஒரு வரி. ஜெஸி பிழைப்பாள், வெந்நீர் நிற்கும், மகளும் பிழைப்பாள். இத்தனை நாளும் இது ஏன் தோன்றவில்லை என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வாயைத் திறந்தும்விட்டார். பெஞ்சில் எட்டுப் பேரும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவரை யாரும் பார்க்கவில்லை. அவரவர் மடியில் கிடந்த அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாடு பாவம் தங்கச்சி. அது என்னைய ஒன்னும் பண்ணல. எனக்கு வந்தது தொழுநோய். ஒம்பது வருசமாச்சு. மாத்திரை முழுசாச் சாப்பிட்டு முடிச்சு அதுவும் போயிருச்சு. விரல் மட்டுந்தான் நிமிரல."

அந்தப் பெயரை அவர் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. கூரை இடிந்து விழவில்லை. ஆசீர்வாதம் மட்டும் மூக்கைச் சிந்தினார்.

நோய் போன கையிலிருந்து யாருக்கும் ஒட்டாது, பேத்தி பேரன் வந்தாலும் தூக்கலாம் என்று ஜெஸி மெதுவாக விளக்கினாள். முனியாயி அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஊத்துன தண்ணியா?" என்றாள். "நான் தொட்டுப் பாத்துட்டுத்தான ஊத்துனேன்."

ஜெஸி அவளுடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்நுனி எல்லாம் காய்த்துப்போய்ப் பளபளத்தது. "உங்க கையையும் நம்ப முடியாதும்மா. அடுப்புல வெந்த கை இது" என்றாள்.

திரும்பும்போது முனியாயி ஷேர் ஆட்டோவில் முன்னால், டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் அழகுபாண்டிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அவர் வழி முழுக்க அவள் கொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தார். கொண்டையிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுக்களைக்குள் போனாள். அவர் முன்னறையில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு சுவர். நாகஜோதிக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தார். ஊருக்குப் போகலாம் என்றால் பயிற்சி நின்றுவிடும். இங்கே இருக்கலாம் என்றால் யார் வீடு இது? ரெண்டு வேட்டியையும் துண்டையும் பைக்குள் திணித்து, ஜிப்பைப் பல்லால் இழுத்து மூடினார். மூடிய பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு நேரமாகிவிட்டதே என்று பையை இறக்கிவைத்துவிட்டு, தொடையில் கையை மல்லாத்தி நீவத் தொடங்கினார். விரலுக்குச் சம்பந்தியின் கோபம் தெரியாது. அது பாட்டுக்கு இளகிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு முனியாயி காபி கொண்டுவந்தாள். பையைப் பார்த்தாள். தம்ளரை அவர் கையில் கொடுக்காமல் ஒரு அடி தள்ளித் தரையில் வைத்தாள்.

தம்ளர் விசயத்தில் அழகுபாண்டி அனுபவசாலி. விரல் மடங்கிய புதிதில் ஊர் டீக்கடைக்காரர் எதையோ சந்தேகப்பட்டு அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்க ஆரம்பித்தபோது, அவர் டீயையே விட்டுவிட்டவர். தரையில் வைத்த தம்ளருக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சரி, குடித்துவிட்டுக் கிளம்புவோம் என்று கையை நீட்டினார்.

"இருங்க" என்றாள் முனியாயி. "கொதிக்குது."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குக் கோவம் தீரல. பொய் சொல்லிப் பொண்ணக் கட்டுனது ஒரு பக்கம். ரெண்டு வருசமா என்னையத் தெருத்தெருவா மாட்டுக் கதை சொல்ல வச்சீங்கள்ல, அது ஒரு பக்கம். நெறம் கூடச் சொன்னேன்."

"கொம்பும் நீங்கதான் வளத்தீங்க" என்றார் அவர். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சிரிக்கவில்லை.

"அசோக் கேட்டான்னா நான் பொய் சொல்ல மாட்டேன். கேக்காதவரைக்கும் நானா வாயத் திறக்க மாட்டேன். பதினாலாம் தேதி முடியட்டும். அப்புறம் நீங்களே உக்காந்து அவன்கிட்டச் சொல்லணும். அந்தப் பொறுப்ப நாகஜோதி தலையில கட்டுனீங்கன்னா, அப்ப இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். இந்தத் தலையாட்டல் போனதைவிடக் கனமாக இருந்தது. மாட்டிடமிருந்து தப்பித்தாயிற்று. மாப்பிள்ளை பாக்கி.

அவள் எக்கி, தம்ளரை எடுத்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் விரல்களைத் தானே ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தம்ளரைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள்.

"இன்னும் இருக்கு" என்று கீழே வைத்தாள்.

ரெண்டு பேரும் தம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே யாரோ மாவு பாக்கெட் கேட்டுக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். சந்தேகம் தீராமல் அடுத்த கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள்.

"இப்பக் குடிங்க" என்று நீட்டினாள்.

காபியில் ஏடு படிந்திருந்தது. ஆறிப்போன காபி அழகுபாண்டிக்கு ஆகவே ஆகாது. ரெண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.